பத்து நிமிஷம்

மலை ஏறியதும் எல்லாரும் கேள்விதான் கேட்பார்கள்.
ரூம் வேணுங்களா, போட்டிங் போறீங்களா,
மிளகு பட்டை காப்பிக்கொட்டை ஏதாவது பாக்கறீங்களா.

ஒண்டிக்கடை ரவுண்டானாவில் நான் இறங்கியபோது
ஒரு கையில் பணிமாறுதல் உத்தரவு,
மறு கையில் பிளாஸ்டிக் வாளி, அதற்குள் விளக்குமாறு.
வாளியோடு யார் ஊர் சுற்ற வருவார்கள்?
அதைப் பார்த்தும் ஆட்டோக்காரர் கேட்டார்:
"எத்தனை நாளைக்குங்க?"

அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பவள் நான்.
நாகலூர், மஞ்சக்குட்டை, கொட்டச்சேட்டிலிருந்து
வெறும் வயிற்றோடு முதல் பஸ்ஸில் வருகிறவர்கள்
சட்டைக்கையை மடித்துவிட்டு
முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள்.
பஜ்ஜிக்கடை செந்தாமரைக்கு ரத்தம் எட்டு கிராம்.
படகுத்துறை மாதேசுக்குச் சர்க்கரை முந்நூற்றுப் பத்து,
வீட்டில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.
இத்தனையும் தெரிந்தவள்
மாஸ்க்கைக் கழற்றிவிட்டு ஏரிப்பக்கம் வந்தால்
செந்தாமரை ஞாயிற்றுக்கிழமை விலை சொல்வாள்.
"எந்த ஊருங்க, ஃபேமிலி வரலையா?"
ஆத்தூர் என்பேன்.
அடுத்த வாரமும் ஆத்தூர் என்பேன்.

குறை சொல்லவில்லை.
மே மாதம் ஒரு நாளைக்கு ஆயிரம் முகம் வந்தால்
எதை வைத்துக்கொள்வது, எதைக் கழுவி ஊற்றுவது?

லேடீஸ் சீட்டில் டெலஸ்கோப் வைத்திருப்பவர்
பெயர் குழந்தையன், வயது அறுபதை ஒட்டி.
ஒரு பார்வை இருபது ரூபாய்.
ஆடி மாதத்தில் கீழே எதுவுமே கிடையாது;
சோற்றுப்பானையைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடியில் ஏறுமே
அந்த வெள்ளை.
"பத்து நிமிஷத்துல வெலகிரும்" என்பார்,
"சேலம் ஜங்ஷன் தெரியும், இரும்பாலை தெரியும்,
அதிர்ஷ்டம் இருந்தா மேட்டூர் டேமே தெரியும்."
முதல் வருஷம் அந்தப் பத்து நிமிஷத்தை
எத்தனை முறை நின்று தீர்த்திருப்பேன்.
இருபது ரூபாயும் கொடுத்திருக்கிறேன், வெள்ளையைப் பார்க்க.

இந்த ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை
டியூட்டி முடிந்து வழக்கம்போல் போய் நின்றேன்.
டெலஸ்கோப்புக்குப் பழைய லுங்கியைச் சுற்றிக்கொண்டே
என் பக்கம் திரும்பாமல் சொன்னார்:
"இன்னிக்கு ஒண்ணும் தெரியாது.
லைன் மேல மரம் சாஞ்சிருக்கு, ஆறு மணிக்குக் கரண்டை நிறுத்துறாங்க.
அரிசி ஊறுதுல்ல, போயி ஆட்டு."

போயி ஆட்டு.
ஆட்டுங்க இல்லை.
இரண்டு வருஷமாக என் வினைச்சொற்களில் தொங்கிய 'ங்க'
சத்தமில்லாமல் கழன்று விழுந்தது.
நேற்று நான் இட்லி அரிசி வாங்கியதை
யாரோ பார்த்திருக்கிறார்கள், யாரோ சொல்லியிருக்கிறார்கள்.
என் பெயர் அவருக்கு இன்னும் தெரியாது.

கிளம்பத் திரும்பினேன், கரூர் வேன் ஒன்று வந்து நின்றது.
தோளில் பிள்ளையோடு இறங்கியவர் என்னிடம்தான் வந்தார்.
"நீங்க இந்த ஊருங்களா? பனி வெலகுங்களா?"

குழந்தையனின் கை லுங்கி முடிச்சிலேயே நின்றது.
பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்.

"பத்து நிமிஷங்க" என்றேன்.

முடிச்சு அவிழ்ந்தது.
அந்தச் சிறுமி ஒற்றைக் கண்ணை மட்டும் மூடத் தெரியாமல்
உள்ளங்கையால் பொத்திக்கொண்டு
நெடுநேரம் வெள்ளையைப் பார்த்தாள்.
"தெரியுதுப்பா!" என்று கத்தினாள்.
என்ன தெரிகிறது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.
மணி ஐந்தேமுக்கால்.
அரிசி ஊறிக்கொண்டிருந்தது.