கிழக்கே பொங்கிய பால்

அறுபத்தொரு பக்கம்.
நூற்றுப் பதினேழு படம்.
நாங்கள் ஆசைப்பட்ட வீட்டை
நாங்கள் பார்க்காத பக்கமெல்லாம் பார்த்து
அனுப்பியிருந்தார்கள்.

நாங்கள் பார்த்தது
சமையலறைச் சன்னலில் விழுந்த வெயிலை,
பின்வளவில் காய்த்து நின்ற எலுமிச்சையை.
ரயிலடிக்கு ஒன்பது நிமிடம்.
கையிலிருந்து தவறிய மாபிள்
யாரும் தள்ளாமலே கிழக்குச் சுவர்வரை போனதை
மகன் சொன்னான்.
சும்மா இரு என்றேன்.

மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்ப்போம்.
நோபிள் பார்க்கில் வீடு வாங்க வந்தால்
காலைப் பார்க்க வேண்டும்.
இந்தப் பழைய பலகை வீடுகள்
மண்ணில் இருப்பதில்லை, மரக்கட்டைகளில் நிற்கின்றன.
ஐம்பத்தேழில் நட்ட நாற்பத்திரண்டு கட்டைகள்,
பதினான்கு உளுத்தவை.
படம் எண்பத்தெட்டில் ஸ்குரூடிரைவர்
பழுத்த பலாவுக்குள் போவதுபோல்
பிடிவரை இறங்கியிருந்தது.
இருபத்து மூன்றாம் கட்டையின் இடத்தில்
நாலு செங்கல்,
அதன்மேல் மடித்துச் செருகிய மீன்டின் தகரம்.
யாரோ ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை
படுத்துத் தவழ்ந்துபோய்
இன்னும் கொஞ்சக் காலம் நில் என்று
வீட்டிடம் கேட்டிருக்கிறார்.

"விடுவம்" என்றார் நிமலன்.
ஏலத்தில் ஏழு வீடுகளை விட்டிருந்தோம்.
அந்தச் சொல் அவர் வாயில்
தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.
வெள்ளி மாலை ஐந்து மணிவரை எங்களுக்குத் தவணை.

செவ்வாய் வந்தவர் சீழ்க்கை அடித்தார்,
நாற்பத்தோராயிரம் என்றார்.
புதன் வந்தவர் சேட்டில் அழுக்குப் படாமல்
வாசலில் நின்றே பத்தொன்பது சொன்னார்.
வாரன் என்றவர் உள்ளே போனார்.
அரை மணி நேரம் சத்தமே இல்லை.
செத்துவிட்டாரோ என்று குனிந்து பார்த்தேன்.
வெளியே வந்து தலைமயிரில் சிலந்திவலையோடு
இருபத்தேழாயிரத்து அறுநூறு என்றார்.

நான் வேலை செய்வது இரத்தப் பரிசோதனைக் கூடத்தில்.
சிவப்பில் வரும் எண்களை நாளெல்லாம் பார்க்கிறவள்.
அங்கே முதலில் கேட்பதைத்தான்
இவரிடமும் கேட்டேன்:
இது இன்றைக்கா, இந்த வருடத்துக்கா,
இல்லை, கண் வைத்திருந்தால் போதுமா?

வாரன் என்னை ஒருமுறை பார்த்தார்.
சோக்கட்டியை எடுத்துக்கொண்டு திரும்பவும் தவழ்ந்தார்.
கிழக்குப் பக்கம் ஆறுக்கு உடனே புதுக்கால்.
மற்ற எட்டும் இரண்டு மூன்று வருடம் தாங்கும்.
மிச்சமெல்லாம் ரெட்கம் மரம், அம்மா,
உங்களையும் என்னையும் விட நல்லாயிருக்கிறது.

விற்பவர்கள் இரண்டு பேர்.
ஒரே கூரையின்கீழ் பத்தொன்பது வருடம் இருந்து
இப்போது ஒரே மின்னஞ்சலில்கூடச் சேர்ந்து இல்லாதவர்கள்.
முழுத்தொகையையும் குறைக்கக் கேட்டோம்.
அவர் ஐயாயிரம் என்றார்.
அவள் பதிலே போடவில்லை.
நான் வாரனின் தாளையும்
அந்தச் செங்கல் படத்தையும் மட்டும் அனுப்பினேன்,
ஒரு சொல்லும் எழுதாமல்.

வெள்ளி நாலு மணி நாற்பதுக்கு
தரகர் ஜோஆன் எடுத்தார்.
பதினாறாயிரத்து ஐந்நூறு.
அந்தச் செங்கலை வைத்தது தான்தானென்று
அவள் சொல்லச் சொன்னாளாம்.
அதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.
நன்றி என்றேன். பிறகு வெகுநேரம்
கார் தரிப்பிடத்திலேயே இருந்தேன்.

குடிபுகுந்த காலை
அடுப்பில் பால் நுரைகட்டி எழுந்தது.
எல்லோரும் பானையையே பார்த்தோம்.
கிழக்கே சரிந்து பொங்கியது.
மச்சாள் பத்மலோஜினி கைதட்டினாள்,
"கிழக்கு! இதைவிட நல்ல சகுனம் வேறென்ன?"

நிமலன் என்னைப் பார்க்காமல் இருக்க
மிகவும் பாடுபட்டார்.
மகன் வாயைத் திறந்தான்.
ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கலை
அதற்குள் வைத்தேன்.

அடுத்த மாதம் ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள்.