இரண்டாவது கையெழுத்து

சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில்
பதினேழு வருஷமாய் என் எழுத்து.
இளைஞர் பிரிவு என்று ஒரு பத்தி உண்டு.
அதன் கீழே நான் எழுதியதெல்லாம்
நாற்காலி அடுக்கியவர்களுக்கு மீகூன், இருபத்தெட்டு வெள்ளி.
கூடாரம் கட்டியவர்களுக்கு ஐஸ் தண்ணீர், ஒன்பது வெள்ளி.
பிறகு மறுபடியும் மீகூன்.

ரந்தாவிலிருந்து செம்பனை ஆலைக்குப் போகிற சாலையில்
லயத்தை உடைத்து எங்களைக் கொண்டுவந்து வைத்த தாமான்.
எண்பத்தாறு வீடு. ஒரு பாலர்பள்ளி. ஒரு கால்வாய்.
கால்வாய் மட்டும் சொல்பேச்சு கேட்காது.
நாலு மணிக்கு மழை பிடித்தால்
ஆறு மணிக்கு மூன்றாம் வரிசை வீடுகளில்
செருப்புகள் கிளம்பிவிடும், ஜோடி பிரிந்து.

மஜ்லிசுக்குப் பன்னிரண்டு கடிதம் போட்டோம்.
பன்னிரண்டிலும் "தாழ்மையுடன்" இருந்தது.

அந்த மாதக் கூட்டத்தில் லோஷினி எழுந்தாள்.
கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து
தூங்காமல் வந்த கண்.
அவளோடு மோட்டார் பட்டறை ரூபேந்திரன்,
பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்ட கவியரசன்.
விட்டதை அவன் அப்பா யாரிடமும் சொல்லவில்லை,
எல்லாருக்கும் தெரியும்.

மேசையில் ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்தார்கள்.
ஐந்து மாத மழை அதில் இருந்தது.
மின்கம்பங்களில் வெள்ளைச் சாயத்தால் கோடு போட்டு
தண்ணீர் எந்தக் கோடு, எத்தனை மணி, எந்த வீடு என்று
படிவம் ஒன்று பிள்ளைகள்வரை முறை வைத்து எழுதியது.
அந்தக் கோடுகளை நான் பார்த்திருக்கிறேன்.
வேலையற்றதுகள் கிறுக்கியது என்று
திட்டியும் இருக்கிறேன்.

"கால்வாய் நிரம்பி வரலை, மாமா.
பாலர்பள்ளிக்குப் பின்னால குழாய்ப் பாலத்துல
ஓலை அடைச்சு, திரும்பி வருது."

தலைவர் முத்தழகன் தொண்டையைச் செருமினார்.
"நல்ல முயற்சி. எவ்வளவு வேணும்?"
கூட்டம் கைதட்டத் தயாராய் இருந்தது.
தட்டிவிட்டால் விஷயம் முடிந்துவிடும்,
எங்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

"காசு சங்கத்துலயே இருக்கட்டும்.
காசோலையில இரண்டாவது கையெழுத்து
எங்கள்ல ஒருத்தர் போடணும்."

மின்விசிறிக்குச் சத்தம் உண்டென்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.
"கணக்கு வழக்கு தெரியுமா உங்களுக்கு?"
யாரோ கேட்டார்கள். நான்தான்.

"தெரியாது. தப்பு வந்தா எழுதி வைப்போம்."

வங்கி அட்டையில்
அவள் கையெழுத்து கட்டத்தைத் தாண்டிப் போனது.
வேறு அட்டை கேட்டு வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன.
பட்டறையின் பழைய இரும்பில் ஒரு சல்லடைக் கதவு.
லோரிக்காரர்களிடம் கவியரசன் போய்
சுமைக்கு வலை கட்டச் சொன்னான், ஒருவர் விரட்டினார்,
மற்றவர்கள் கட்டினார்கள்.
செம்பனை வெட்டும் வங்காளதேசத்து ரஃபீக்கும் அவன் கூட்டாளியும்
இடுப்பளவு சேற்றில் இறங்கினார்கள்.
அவர்களும் நம் கால்வாய்க்காரர்கள்தான் என்பது
இத்தனை வருஷம் எங்கள் கடிதங்களுக்குத் தெரியவில்லை.

நவம்பர் வந்தது, மழையும்.
தண்ணீரே வரவில்லை என்று சொல்ல மாட்டேன்.
கடைசி இரண்டு வீட்டுக்கு வந்தது.
மற்ற வாசல்களில் செருப்புகள் நனைந்தன,
நகரவில்லை.

ஆண்டுக் கணக்கை லோஷினி எழுதிக் கொடுத்தாள்.
கம்பி வலை, நூற்றுப் பத்து.
மண்வெட்டிப் பிடி, பதினான்கு.
அளவு தப்பி வாங்கிய குழாய், நாற்பத்திரண்டு, எங்கள் தவறு.

இரவு, பதினேழு வருஷத்தைப் புரட்டினேன்.
அப்படியொரு வரி என் எழுத்தில் எங்கும் இல்லை.
2014, தீபாவளி விருந்து,
இதர செலவு, அறுபது வெள்ளி
என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.

அதன் கீழே ஒரு வரிக்கு இடம் இருந்தது.
பேனாவின் மூடியைத் திறந்தேன்.