வெள்ளம்: இல்லை

கீரிப்பாறைக்கு மேலே
ரப்பர் முடிந்து அட்டை தொடங்கும் இடத்திலிருந்து
இரண்டரை மணி நேர ஏற்றம்.
மாசம் ஒரு தடவை போகிறேன்,
காலில் புகையிலைச் சாறு, கையில் ரெஜிஸ்டர்.

சுனைக்குள் ஒரு பாறை உண்டு.
பங்குனிக் கடைசியில் வெள்ளம் தொடும் இடத்தில்
வருஷத்துக்கு ஒரு கோடு இழுக்க வேண்டும்.
மேல்கோடு பச்சை,
ரேஞ்சர் ஆபீஸ் கேட்டுக்கு அடித்ததில் மிச்சம்.
அன்றைக்கு இடுப்பளவில் நின்று இழுத்தேன்,
குளிரில் பிரஷ் நடுங்கிக்
கோட்டுக்கு ஒரு வால் விழுந்தது.
ஒக்கி மரங்களைச் சாய்த்ததற்கு அடுத்த வருஷம்
குருசடிக்கு அடித்த நீலம்,
உபதேசியார் ஞானாபரணம் தந்தது.
அப்புறம் முழங்கால். அப்புறம் கரண்டை.
பெயிண்டுக்குப் பணம் வராத வருஷம்
மகள் பெனிஷாவின் நகச்சாயம்.
இந்த வருஷக் கோட்டுக்குப்
பாறை மிச்சமில்லை.

வாசல் பலகை சொல்கிறது:
தீ மூட்டாதே, கம்பு ஒடிக்காதே, கல் எடுக்காதே.
ஏறிய ஒவ்வொருத்தன் பையையும்
கவிழ்த்துப் பார்த்தவன் நான்தான்.
ஒரு குப்பிகூட வெளியே போகவில்லை.
பின்னே யார் கொண்டுபோனது?

வயர்லெஸில் சொன்னேன்:
"சாரே, சுனையில வெள்ளம் இல்ல."
"அப்பாடா. நல்லது வில்பிரட்" என்றார்.
புதுசாக வந்தவர், தர்மபுரிக்காரர்.
அவர் ஊரில் வெள்ளம் என்றால்
ராத்திரி கட்டிலுக்கடியில் வந்து
செருப்பை எடுத்துப்போவது.
எங்களுக்குக் குடிப்பது வெள்ளம்,
பிள்ளைக்கு முகம் கழுவுவது வெள்ளம்,
சாகக் கிடக்கிறவர் உதட்டில் சொட்டுவதும்.
"அதில்ல சாரே" என்பதற்குள்
சத்தம் கரகரத்து அறுந்தது.
மறுநாள் பார்த்தேன்,
மாசத் தாளில் முத்து முத்தான கையெழுத்து:
வெள்ள நிலவரம் இல்லை. இயல்பு.

அன்று உடனே இறங்கவில்லை.
சேற்றில் ஒரு மிளா குத்திக் கிளறிய குளம்படி.
குழிக்குள் ஏதோ மினுங்கியது.
ஊறுகிறதா, என் கண்ணா என்று
கிடந்த ஈத்தல் குச்சியை நட்டுவைத்துக் காத்திருந்தேன்.
தெற்கே மரங்களின் இடுக்கில்
கடல் ஒரு தகரத் துண்டாகக் கிடந்தது,
அத்தனையும் அங்கே, ஒரு வாய்க்கு ஆகாமல்.
முக்கால் மணியில் அரை விரல்கடை.
குச்சியைப் பிடுங்கி எறிந்தேன்.
கை குவித்துக் குனிந்தவன்
நிமிர்ந்துவிட்டேன்.
மிளா திரும்ப வரும், வழி தெரிந்தது அது.

கீழே ரப்பர் வரும்வரை
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டே வந்தது.