தண்ணீர்தான் ஆவியாகும்

கடல்மட்டத்துக்கு மூவாயிரம் அடி மேலே,
முருகேஷ்பாளையாவில் இரண்டாம் மாடியில்,
அறுபது லிட்டர் கடல் வைத்திருக்கிறேன்.
வாளியில் வரும் உப்பு. தவணையில் வாங்கிய விளக்கு.

வியாழன் இரவு இறால் மல்லாந்து கிடந்தது.
உரித்துப்போட்ட சட்டை என்றுதான் முதலில் நினைத்தேன்,
மாதம் ஒருமுறை அப்படி ஏமாற்றும்.
இடுக்கியால் தொட்டேன்.
உள்ளே ஆள் இருந்தது.

பாறையெல்லாம் பழுப்புப் பாசி,
காப்பிச் சக்கையைக் கொட்டித் தேய்த்த மாதிரி.
கோமாளி மீன் இரண்டும் ஒரே மூலையில்,
சண்டை போட்டுக்கொள்ளக்கூட இல்லை.

குறை தேடுகிறவருக்கு
முதல் சந்தேகம் கூட இருப்பவர்மேல்.
மெர்லின், தீனி அள்ளிப் போட்டியா?
கொசுவத்தி கொளுத்தினியா இங்கே?
"நான் அந்தப் பக்கமே போறதில்ல,
உன் தொட்டி, உன் கரண்ட் பில்" என்றாள்.

அமோனியா, பூஜ்யம்.
நைட்ரைட், பூஜ்யம்.
உப்பு மட்டும் ஏறியிருந்தது. அது என் குற்றம்:
ஏப்ரல் வெயிலில் வற்றியதற்கெல்லாம்
கலக்கி வைத்திருந்த உப்புநீரையே ஊற்றினேன்.
தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு எங்கும் போகாது.
தெரியும். சோம்பல்.

நைட்ரேட்டுக்கு
இரண்டாம் குப்பியை முப்பது விநாடி குலுக்கி,
சோதனைக் குழாயை ஒரு நிமிடம் குலுக்கி,
ஐந்து நிமிடம் ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்றேன்.
மஞ்சளாக நிற்க வேண்டியது
பீட்ரூட் வெந்த தண்ணீராக நின்றது.

பாதியை மாற்றினேன். சிவப்பு.
ஞாயிற்றுக்கிழமை மறுபடி பாதி,
முதுகு பிடித்துக்கொண்டது,
சிவப்பு.

சிவாஜிநகரில் இர்ஃபான்
யாருக்கோ கப்பி மீன் எண்ணிக்கொண்டே கேட்டான்:
"மாத்தறீங்க, சரி.
எதால மாத்தறீங்க?"

சலவை எந்திரத்துக்குப் பின்னால் கை விட்டு
ஆர்.ஓ.வின் சவ்வைக் கழற்றினேன்.
மூன்று வருடப் பிசுக்கு.
வடிகட்டி வந்ததாக நான் நம்பிய தண்ணீரில்
மீட்டர் இருநூற்றுப் பன்னிரண்டு காட்டியது.
அப்புறம், ஒரு வேகத்தில்,
மீன் இல்லாத, பாறை இல்லாத
வெறும் டாங்கர் தண்ணீரைக் குழாயில் பிடித்துக் குலுக்கினேன்.

அட்டையின் கடைசிக் கட்டம்.
அதற்கு மேல் அவர்கள் நிறம் அச்சடிக்கவில்லை.

அகப்பட்டுக்கொண்டது!
சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன்.
உட்கார்ந்த இடத்திலேயே புதுச் சவ்வுக்குப் பணம் கட்டினேன்,
ஆயிரத்து எண்ணூறு, வெள்ளிக்கிழமை வரும்.

கீழ்வீட்டில் குழந்தை அழுதது.

நாகவேணியின் குழந்தை. ஏழு வாரம். பால்பொடி.
படியில் பார்க்கும்போதெல்லாம், நான் கேட்காமலே,
அவளே சொல்வாள்:
"டாங்கர் நீர்தான் அக்கா,
ஆனா நான் இருபது நிமிஷம் கொதிக்க வெக்கறேன்,
சும்மா கொடுக்கறதில்ல."

இருபது நிமிடம்.
பாத்திரத்தில் நீர்மட்டம் ஒரு விரல் இறங்கும்.
தண்ணீர்தான் ஆவியாகும்.

செருப்பில்லாமல் இறங்கினேன்,
சோதனைக் குழாயைக் கையிலேயே பிடித்தபடி.
படியில் நாலைந்து வாக்கியம் தயார் செய்தேன்,
பயமுறுத்தாத மாதிரி,
மெத்தப் படித்தவள் பேசுவது மாதிரி இல்லாமல்.

கதவைத் திறந்தவள் தோளில் குழந்தை,
அப்போதுதான் ஏப்பம் விட்டிருந்தது.
என் கையைப் பார்த்தாள்.
"ஏனாயித்து அக்கா? மீன் சரியாயிடுச்சா?"

வாக்கியம் ஒன்றும் வரவில்லை.
அவள் முதுகில் விரிந்திருந்த
அந்தக் குட்டி விரல்களின் நகங்களையே பார்த்தேன்.
இந்த மாடிப்படி விளக்கில்
எல்லார் நகமும் நீலமாகத்தான் தெரியும்.

"வேணி," என்றேன்,
"உள்ளே போய் பெரிய லைட்டைப் போடு."