துவர் ஏறும் நேரம்

மந்தாரோ பள்ளத்தாக்கில்
நாலாவது நாளாகப் பனிமூட்டம்.
இலைமேல் நிற்கும் ஈரத்தில்
வால் சுழற்றி நீந்தி வருகிறது ராஞ்சா.
உருளைக்கிழங்கு விதைத்தவர்கள்
குரல் தாழ்த்திச் சொல்லும் பெயர் அது.

ஆய்வுக்கூடத்தில் நெமேசியா கில்கா.
மணி மூன்றே முக்கால்.
நுண்ணோக்கியின் கீழ் இலைத்துண்டுகள்;
பழுப்புப் புள்ளிகளை எண்ணி
நோட்டில் எழுத வேண்டும்,
அவ்வளவுதான் வேலை.
கம்பளிக் கையுறையில்
இரண்டு விரல்களை வெட்டிவிட்டிருக்கிறாள்,
பென்சில் பிடிக்க.

முதல் தட்டு முழுக்கப் பச்சை.
ஒரு புள்ளியும் இல்லை.
அழகான இலை,
வந்தது யாரென்று கேட்கவே இல்லை.
நாளை மறுநாள் அது கூழ்.

இரண்டாம் தட்டில்
மிளகுப்பொடி தூவியதுபோல் பழுப்பு.

ஒரே செல்லுக்குள்
பேச்சுவார்த்தை இல்லாமல் குடியிருந்தவை இரண்டு:
தன் அறையில் அடைந்து கிடந்த ஃபீனால்,
அடுத்த அறையில் நொதி.
பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்று
பேர்தான் ஒரு முழம்.
பூஞ்சை போலிருக்கும் அந்த இழை
ஊசியாய் இறங்கியதும்
நடுச்சுவர் கிழிந்தது.
இரண்டும் சந்தித்தன.
காற்றும் கூட வந்தது.
பிறகு எல்லாம் துவர்:
நாவுக்கும் துவர், கண்ணுக்கும் துவர்.

செல் செத்தது.
செத்த வீட்டில் விருந்தாளிக்குச் சோறில்லை.
பக்கத்து வீடுகள் இதற்குள்
பெராக்சிடேஸை எழுப்பிவிட்டன;
அது விடிய விடிய
லிக்னின் குழைத்து
சுவருக்குமேல் சுவர் பூசுகிறது.

நாற்பத்தேழு, என்று எழுதுகிறாள்.
அழித்துவிட்டு
நாற்பத்தெட்டு.

காலையில் சந்தைக்கு வெளியே
எத்தெல்பீனாவின் தள்ளுவண்டி.
தோல் சீவிய கிழங்குகள்
வாளித் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கின்றன.
"வெளியே வச்சா கறுத்துப்போகும்,
அழுகலோன்னு நினைச்சு
யாரும் வாங்க மாட்டாங்க."

வறுவல் ஆலைக்காரர் பாலோமினோவும்
அதைத்தான் கேட்டுப்போனார்,
கொஞ்சம் மரியாதையான ஸ்பானிஷில்.
வெட்டினால் வெள்ளையாகவே இருக்கும் ரகம்.
அந்த நொதியின் வாயைக் கட்ட முடியுமா?
முடியும்.
கிழங்கில் கட்டினால்
இலையிலும் கட்டுப்படுமா?
அதற்கு நோட்டில்
இன்னும் பக்கம் இல்லை.

சூப்பு வரும்வரை
வண்டி விளிம்பில் கிடந்த
அரைக்கிழங்கு ஒன்றை எடுக்கிறாள் நெமேசியா.
கத்தி பட்ட முகம்.
முதலில் இளஞ்சிவப்பு,
பிறகு தேநீர்க் கறை,
பிறகு ஈர மண்.
தன் கையிலும் ஒரு பழைய தழும்பு இருக்கிறது,
ஏழு வயதில் அரிவாள் பட்டது.
அதைப் பார்க்கவில்லை அவள்.
கிழங்கைத்தான் பார்க்கிறாள்.

"தண்ணிக்குள்ள போடு அதை,"
என்கிறாள் எத்தெல்பீனா.

"இருக்கட்டும்.
இன்னும் முடிக்கல."