முப்பது நொடி

குலசேகரத்துக்கு வடக்கே, எங்கள் கிணற்றடியில்
மணி நாலு நாற்பத்தாறு.
மூன்று காலில் நிற்கிறது கேமரா,
ஒரு காலுக்கடியில் ஓட்டுத் துண்டு.
நேற்று லென்சில் பனி.
முந்தாநாள் மலைப்பக்கமிருந்து மேகம்.
இன்று நாய்கூடக் குரைக்கவில்லை.

வடமேற்கில் தொடங்கும் என்று குறித்து வைத்திருந்தேன்.
தொடங்கவில்லை.
பாதி வானத்தில், பூமியின் நிழல் முடிகிற இடத்தில்
சட்டென்று இருந்தது.
இமைப்பில்லை, இரைச்சலில்லை,
திருவனந்தபுரத்தில் இறங்கப்போகும் விமானத்தின்
சிவப்பு விளக்கும் அதற்கில்லை.
ஆறு பேரோ ஏழு பேரோ உள்ளே.
அழுத்தினேன்.

நாலாம் நொடியில் வேலிக்கு அப்பால்
ரப்பர் மரங்களுக்குள் ஒரு நெற்றிவிளக்கு.
ஏசுவடியான் அண்ணன், பால்வெட்டு.
"அண்ணா, லைட்ட அணையுங்க!"
"அணச்சா பட்டய எப்பிடிப் பாக்கது?"
சரிதான்.
முந்நூறு மரம் அவர் வெட்டி முடிப்பதற்குள்
அது உலகை இரண்டு தரம் சுற்றிவிடும்.
அதற்குக் கூலி யார் கணக்கில் என்று தெரியவில்லை.

படத்தில், மேலே
நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு.
கீழே இன்னொன்று, வளைந்து தடுமாறி,
இரண்டு மரத்தில் இரண்டு முடிச்சு.
ஒன்று பெரிது,
மேல்நோக்கி ஒரு சின்ன வால் அதற்கு.

ஏழரைக்கு வாளியோடு வந்தவரிடம்
ஃபோனை நீட்டினேன்,
கெட்டுப்போன படம் என்று சொல்லித்தான்.
ஒட்டுப்பால் காய்ந்த விரலால் விரித்துப் பார்த்தார்.
"இது பட்டை செத்த மரமாக்கும். பாலு கெடையாது."

பிறகு ஏன் அங்கே நின்றீர்கள்?

"நீ வாயப் பொளந்து மேல பாத்துட்டு நின்னியே,
என்னதான்னு நானும் பாத்தேன்."