சதுர அடைப்புக்குறி

செமேய் நகரம். ஜூலை.
விடுதியில் மின்விசிறி கிடையாது,
ஜன்னலைத் திறந்தால் இர்திஷ் ஆற்றுக் கொசு.
பத்து நாள் பயிற்சி, பதினோரு நாட்டுப் பிள்ளைகள்.
அணு ஆயுதங்களை ஒழிக்க
ஓர் ஒப்பந்தம் எழுதிப் பழக வந்திருந்தோம்.

நான் பாவ்லோடர்க்காரன். எனக்குக் குறிப்பெழுதும் வேலை.
சபையில் வாய் திறக்காதவனுக்கு
எங்கேயும் கிடைப்பது அதுதான்.

யார் எந்த நாடு என்று
நரித்தோல் தொப்பிக்குள் சீட்டுப் போட்டார்கள்.
அல்ஜீரியாவின் மாசினிஸ்ஸாவுக்குப் பனி மூடிய நாடு.
கிரிபாத்தியிலிருந்து நான்கு விமானம் மாறி வந்த
தெரேதியாவுக்குக் கடலே இல்லாத நாடு.
உல்போல்சினுக்கு வந்தது
நாலாயிரம் குண்டு வைத்திருக்கும் வல்லரசு.

'மகன் பிறக்கட்டும்' என்று பொருள் அவள் பெயருக்கு.
வீட்டில் நான்காவது பெண்.
"வேண்டாத இடத்தில் போய்ச் சேர்வது
எனக்குப் பழக்கம்தான்" என்றாள்,
சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி.

ஒப்பந்த வேலையில் ஒரு வழக்கம்:
பிடிக்காத சொல்லை அடித்துவிடக் கூடாது.
இருபுறமும் சதுர அடைப்புக்குறி போட்டு
அங்கேயே விட்டுவைக்க வேண்டும்,
சீக்கு வந்த ஆட்டைத் தனியே கட்டுவதுபோல.

முதல் நாள் அவள் கட்டியது [உடனடியாக].
மறுநாள் [அனைத்து].
அதற்கு மறுநாள் [ஒழிப்போம்].
தேநீர் இடைவேளை முடிந்து,
பவுர்சாக் எண்ணெய் விரலில் மினுங்க,
[நாம்].

கத்தவில்லை. மேசையைத் தட்டவில்லை.
"உங்கள் கவலை எங்களுக்குப் புரிகிறது" என்றாள்.
"இதில் அஞ்ச ஒன்றுமில்லை" என்றாள்,
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தடவும் குரலில்.
தெரேதியா எழுந்து வெளியே போனாள்.
திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

ஏழாம் நாள் சோதனைக் களத்துக்குப் பேருந்து.
காலுக்கு நீல பிளாஸ்டிக் உறை கொடுத்தார்கள்.
வேலி இருக்கும் என்று நினைத்திருந்தேன்.
இரண்டு சிமென்ட் தூண், சாய்ந்த பலகை ஒன்று,
அப்புறம் புல், புல், வெறும் புல்.
கையிலிருந்த கருவி டிக் டிக் என்றது.
கூப்பிடு தூரத்தில் முந்நூறு ஆடுகள்
உள்ளே எது வெளியே எது என்று தெரியாமல்
மேய்ந்துகொண்டிருந்தன.
உல்போல்சின் மட்டும் இறங்கவில்லை.
அங்கிருந்து நாற்பது கிலோமீட்டரில் அவள் ஊர்.

பத்தாம் நாள், மாலை ஆறு மணி.
ஒருவர் மறுத்தாலும் ஒப்பந்தம் இல்லை என்பது விதி.
வரைவு விழுந்தது.
சிறந்த பிரதிநிதி என்று அவளுக்கு ஒரு மைப்பேனா.
எல்லோரும் கைதட்டினோம்.
தெரேதியாவும் தட்டினாள். அதைத்தான் என்னால்
பார்க்க முடியவில்லை.

இரவு, சமையலறையில் குறிப்பேட்டோடு இருந்தேன்.
வந்து எதிரில் உட்கார்ந்தாள்.
எங்கே பிடித்தாய் அந்தக் குரலை என்று கேட்டேன்.

"எங்கள் ஊர் ஒலிபெருக்கி" என்றாள்.
"வெடிக்கிற காலைகளில் சொல்லுமாம்:
வீட்டைவிட்டு வெளியே வாருங்கள், சுவர் விழலாம்,
மற்றபடி அஞ்ச ஒன்றுமில்லை.
அம்மா அப்படியே பேசிக் காட்டுவாள்.
நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்."

ஏட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.
நாலு பக்கம். நூற்றுப் பதினாறு அடைப்பு.
"ஒன்றைக் கட்டாமல் விட்டிருக்கிறேன்" என்று
விரல் வைத்தாள்.
இரண்டாம் பத்தி, மூன்றாம் வரி:
மற்றும்.
பதினோரு நாடும் ஒப்புக்கொண்ட ஒரே சொல்.

பரிசுப் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.
இதையும் கட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.
நெடுநேரம் அப்படியே பிடித்திருந்தாள்.
மை காய்ந்துவிடும் என்றேன்.

"தெரேதியாவின் பேருந்து
நாலரைக்குத்தானே?" என்றாள்.

மாடிப்படியில் அவள் காலடி.
பிறகு, கதவு தட்டும் சத்தம்;
இரண்டு முறை, சற்றுப் பொறுத்து இன்னொரு முறை.
எந்த நாட்டின் சார்பில் என்று
குறித்துக்கொள்ளவில்லை.
அடுப்பில் தண்ணீர் வைத்தேன், மூன்று பேருக்கு.